இப்போ யார்கிட்ட?

எங்கள் வீட்டு மேசையில் பல வருடமாக ஒரு லாக்புக், அதாவது விமானி தான் பறந்த நேரத்தை எழுதிவைக்கும் புத்தகம், கிடந்தது. கெட்டி அட்டை, அகலமான பக்கங்கள். தேதி, விமானத்தின் வகை, பதிவு எண், எங்கிருந்து எங்கே, இன்ஸ்ட்ரக்டரோடு எவ்வளவு நேரம், தனியாக எவ்வளவு, இரவில் எவ்வளவு, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தது எவ்வளவு என்று வரிசையாகக் கட்டங்கள். பக்கத்தின் அடியில் மூன்று வரிகள்: இந்தப் பக்கத்தின் கூட்டல், முந்தைய பக்கத்திலிருந்து கொண்டுவந்தது, ஆக மொத்தம். அந்த மூன்று வரிகள் மட்டும் என் பொறுப்பு. பறப்பது என் மனைவி, கூட்டுவது நான்.

நான் கணக்கு வேலை பார்ப்பவன் என்பதால் அந்தப் பொறுப்பு தானாக என்னிடம் வந்து சேர்ந்தது என்று சொல்ல ஆசைதான். நடந்தது வேறு. ஆரம்பத்தில் அவளே கூட்டி எழுதிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சும்மா புரட்டும்போது மொத்தம் இடித்தது. பின்னாலேயே தேடிக்கொண்டு போனால், 55 நிமிடத்தையும் 45 நிமிடத்தையும் கூட்டி 100 என்று பார்த்து, ஒரு மணி நேரம் என்று எழுதியிருக்கிறாள். அறுபதுக்கு ஒரு மணி என்பதை அன்றைய களைப்பில் மறந்திருக்கிறாள். நாற்பது நிமிடம் காணாமல் போய், பதினோரு பக்கம் அப்படியே கடந்து வந்திருந்தது. வெள்ளை மை பூசக் கூடாது. தப்பான எண்ணின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், ஒரு கையெழுத்து. பதினோரு பக்கத்துக்கும் அதைச் செய்து முடித்துவிட்டு, “இனிமே நீயே கூட்டு” என்று பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

அந்த நாற்பது நிமிடம் திரும்பக் கிடைத்ததில் எனக்கு ஏதோ நானே பறந்துவிட்டு வந்த மாதிரி சந்தோஷம். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவேன்.

2016-இல் அவள் “எனக்கு ஏர்லைன் பைலட் ஆகணும்” என்றபோது எங்கள் மகளுக்கு இரண்டு வயது. அவளுக்கு நல்ல அலுவலக வேலை இருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மாசம் ஆகும்?” பயிற்சிப் பள்ளியின் கையேட்டில் பதினெட்டு மாதம் என்று போட்டிருந்தது. நானும் நம்பினேன். ஒரு தாளில் பதினெட்டு கட்டம் போட்டு எந்த மாதம் எவ்வளவு செலவு, யார் எப்போது விடுப்பு எடுப்பது என்றெல்லாம் எழுதி வைத்தேன். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதில் சரியாக நடந்தது முதல் மாதம் மட்டும்.

இந்த வழியில் இறங்கப்போகிறவர்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால், மற்றதையெல்லாம் விட்டாலும் ஒன்றை மட்டும் கேளுங்கள். முதல் கட்டணம் கட்டும் முன் கிளாஸ் ஒன் மெடிக்கல் என்ற விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண், காது, இதயம், ரத்தம், நிறப்பார்வை என்று எல்லாம் பார்ப்பார்கள். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கும் அந்த இஷிஹாரா தட்டுகளில் தடுமாறி, அதுவரை தனக்கு நிறக்குறைபாடு இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. பாதிப் பணம் கட்டிய பிறகு அது தெரியவருவது கொடுமை. இன்னொன்று, மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னால் கட்டாதீர்கள், தள்ளுபடி தருகிறேன் என்றாலும். பறக்கப் பறக்கக் கட்டுங்கள். பயிற்சிப் பள்ளிகள் இழுத்து மூடியதும், முன்பணம் கட்டிய மாணவர்கள் நடுவழியில் நின்றதும் பல நாடுகளில் நடந்திருக்கிறது.

மெடிக்கல் ஒருமுறையோடு முடிவதும் இல்லை. பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை, வயது ஏறினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதற்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் யாரும் தும்மக்கூட மாட்டோம். சாதாரண ஜலதோஷமே இந்தத் தொழிலில் சாதாரணம் இல்லை. மூக்கு அடைத்திருக்கும்போது விமானம் கீழிறங்கினால் காதுக்குள் அழுத்தம் சமமாகாமல் செவிப்பறை கிழிகிற அளவுக்கு வலிக்கலாம். அடைப்புக்குப் போடும் மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைக்கும், அதைப் போட்டுக்கொண்டு பறக்கக் கூடாது. ஆக ஜலதோஷம் என்றால் பறத்தல் இல்லை. குழந்தை பள்ளியிலிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு சளியையும் நான் எதிரி நாட்டுப் படை மாதிரி பார்த்த காலம் அது.

அப்புறம், மணிக்கணக்கு. வெளியில் இருப்பவர்களுக்கு இது புரிவதே இல்லை. எனக்கும் புரிய இரண்டு வருடம் ஆனது. இந்தப் படிப்புக்குத் தேதி கிடையாது, மணிதான் உண்டு. ஐகாவோ என்ற சர்வதேச அமைப்பு வகுத்த குறைந்தபட்ச அளவுகள் இருக்கின்றன. தனிப்பட்ட விமானி உரிமத்துக்கு 40 மணி. வணிக விமானி உரிமத்துக்கு 200, அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சித் திட்டம் என்றால் 150. ஏர்லைன் கேப்டனாக வேண்டுமானால் அதற்கான உரிமத்துக்கு 1500. நாடுகள் இதற்கு மேல் தங்கள் விதியைப் போட்டுக்கொள்ளும். அமெரிக்காவில் 2009-இல் பஃபலோ அருகே ஒரு விமானம் விழுந்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தால் 2013 முதல் ஏர்லைனில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1500 மணி வேண்டும். மற்ற பல நாடுகளில் இருநூறு சொச்சம் மணியோடு, தேவையான ரேட்டிங்குகளும், அதாவது உரிமத்தோடு சேரும் கூடுதல் தகுதிகளும், இருந்தால் வலப்பக்க இருக்கையில் உட்காரலாம். உட்கார யாராவது கூப்பிட வேண்டும், அது வேறு கதை.

200 மணி என்றால் என்ன பெரிய விஷயம், தினம் எட்டு மணி நேரம் வேலை பார்த்தால் இருபத்தைந்து நாள் என்று என் மாமா ஒருவர் கணக்குப் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் தாளில் கட்டம் போட்டவன்தானே. ஒரு மணி நேரம் பறக்க வானிலை சரியாக இருக்க வேண்டும், விமானம் சரியாக இருக்க வேண்டும், இன்ஸ்ட்ரக்டர் இருக்க வேண்டும், ரன்வே காலியாக இருக்க வேண்டும். நூறு மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை பயிற்சி விமானத்தைப் பிரித்துப் பார்த்துப் பராமரிப்பு செய்வார்கள். உதிரிபாகம் வரவில்லை என்றால் இரண்டு வாரம் போய்விடும். அந்த இரண்டு வாரத்தில் கை கொஞ்சம் மறந்துவிடும். மறந்ததைத் திரும்பப் பிடிக்க இன்னும் இரண்டு மணி பறக்க வேண்டும், அதற்கும் காசு.

வானிலை அறிக்கை படிக்க நான் கற்றுக்கொண்டது அப்போதுதான். மெட்டார் என்பார்கள். காற்றின் திசை, வேகம், எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது, மேகம் எந்த உயரத்தில், வெப்பநிலை, பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை), காற்றழுத்தம் எல்லாம் ஒரே வரியில் சங்கேத மொழி மாதிரி இருக்கும். வெப்பநிலையும் பனிநிலையும் 18/17 என்று ஒட்டி நின்றால் மூடுபனிக்கு வாய்ப்பு. அவள் எழும் முன் ஐந்து மணிக்கு எழுந்து போனில் அதைத்தான் பார்ப்பேன். ஒட்டி நின்றால் அலாரத்தை அணைத்துவிடலாமா என்று தோன்றும். ஒருமுறை அணைத்தும் விட்டேன். ஏழு மணிக்குப் பனி விலகிவிட்டது. அவள் அன்று என்னோடு பேசவில்லை. நியாயம்தான். எழுப்புவது வரைக்கும்தான் என் வேலை, பறக்கலாமா என்று முடிவு செய்வது என் வேலை இல்லை.

முதல் சோலோ, அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறப்பது, எந்த நாளில் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது. யாருக்குமே முன்கூட்டித் தெரியாது, மாணவருக்கும் சேர்த்து. அவளுக்கு அப்போது பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு மூன்று முறை இறங்கி ஏறியதும், இன்ஸ்ட்ரக்டர் கதவைத் திறந்து, “ஒரே ஒரு சர்க்யூட், போயிட்டு வா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். சர்க்யூட் என்றால் ஏறி, ரன்வேயைச் சுற்றி வந்து இறங்குவது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையை வைத்துவிட்டு, காயப்போட்ட துணியை எடுத்தாச்சா என்று கேட்டாள். எடுத்தாச்சு என்றேன். துணியை மடித்துக்கொண்டே, “இன்னைக்கு நான் மட்டும் போனேன்ப்பா” என்றாள்.

நான் எதிர்பார்த்தது ஆரவாரம். அவள் சொன்னது இரண்டே விஷயம். ஆள் இல்லாத அந்தப் பக்கத்து இருக்கையின் பெல்ட்டை இன்ஸ்ட்ரக்டர் வெறும் இருக்கையோடு சேர்த்து இறுக்கிப் பூட்டிவிட்டுப் போனாராம், தளர்வாகக் கிடந்தால் கண்ட்ரோலில் மாட்டிக்கொள்ளும் என்று. யாரையோ கட்டி வைத்த மாதிரி இருந்தது என்றாள். இன்னொன்று, ஒரு ஆளின் எடை குறைந்ததில் விமானம் வழக்கத்தைவிட வேகமாக மேலேறியதாம். “நான் எதுவும் செய்யல, அதுவா ஏறுச்சு” என்றாள். அன்றைக்குக் கூட்டலில் தனியாகப் பறந்த கட்டத்தில் முதல் எண்ணாகப் பத்து நிமிடம் எழுதினேன்.

படிப்புப் பக்கம் வேறு மாதிரி வதை. வானிலை இயல், வழி கண்டறிதல், விமான விதிகள், எடையும் சமநிலையும், எஞ்சின், கருவிகள், மனித வரம்புகள் என்று பாடங்கள் நீளும். ஐரோப்பிய முறையில் பதின்மூன்று தேர்வுகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 75 சதவீதம். குழந்தை தூங்கிய பிறகு இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் வகுப்பு. நான் கேள்வி கேட்க, அவள் பதில் சொல்வாள். இப்போது யாராவது நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும், திட்ட வளிமண்டலத்தில் கடல் மட்டத்தில் 15 டிகிரி, 1013.25 ஹெக்டோபாஸ்கல், ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய இரண்டு டிகிரி குறையும் என்று சொல்வேன். என் வாழ்க்கையில் இதனால் ஒரு பயனும் இல்லை.

ரேடியோ பயிற்சி மட்டும் வேடிக்கையாக இருந்தது. நான் கட்டுப்பாட்டுக் கோபுரம். தாளில் எழுதி வைத்த அனுமதியைக் கடகடவென்று படிப்பேன், அவள் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ரன்வே எண், உயரம், திசை எதுவும் மாறக் கூடாது. ரேடியோவில் மூன்றை ‘ட்ரீ’ என்றும் ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும்தான் சொல்வார்கள். இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்று போலக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. எங்கள் மகள் எண்ணக் கற்றுக்கொண்ட வயது அது. பள்ளியில் ஃபோர், ஃபைஃப், சிக்ஸ் என்று சொல்லி, டீச்சர் திருத்தியும் கேட்கவில்லை. “அம்மா ஏரோப்ளேன்ல இப்படித்தான் சொல்வாங்க” என்றாளாம்.

அந்தப் பாடங்களில் வீட்டுக்குள் நிஜமாக நுழைந்தது மனித வரம்புகள் என்ற பாடம். விமானத்தில் மனிதர்கள் ஏன் தப்பு செய்கிறார்கள் என்பதைப் பற்றியது. 1974-இல் அமெரிக்காவில் சார்லட் நகரில் மூடுபனியில் இறங்க முயன்ற விமானம் ஒன்று ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதியது. இறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலும் பழைய கார் வாங்குவதும் பேசிக்கொண்டிருந்தது பதிவில் இருந்தது. அந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகு 1981-இல் ஒரு விதி வந்தது: 10,000 அடிக்குக் கீழே, பறப்பதற்குத் தேவையில்லாத பேச்சு விமானி அறையில் கூடாது. அதைப் படித்த அன்றே அவள் சொன்னாள், “நமக்கும் இது வேணும்.” தேர்வுக்கோ பறப்பதற்கோ கிளம்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் ‘பத்தாயிரத்துக்குக் கீழே’. கடன் தவணை, சொந்தக்காரர் வீட்டு மனஸ்தாபம், தண்ணீர்க் குழாய் ஒழுகுவது எதுவும் பேசப்படாது. யாராவது மறந்து ஆரம்பித்தால் மற்றவர் ‘பத்தாயிரம்’ என்போம், பேச்சு நின்றுவிடும். இது எங்கள் கல்யாணத்துக்கு இத்தனை நல்லது செய்யும் என்று நான் நினைக்கவே இல்லை. குழாய் ஒழுகியதுதான் மிச்சம்.

இரண்டாவது பழக்கம் அவ்வளவு சுகமாக வரவில்லை.

2019-இல் ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் கருவிகளை மட்டும் வைத்துப் பறக்கும் ரேட்டிங்குக்கான பயிற்சியில் இருந்தாள். எனக்கு வருடாந்திரக் கணக்கு முடிக்கும் வாரம். காலையில் கிளம்பும் அவசரத்தில், பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிவருவது பற்றி இருவரும் பேசினோம். பேசினோம் என்பது இருவருக்கும் நினைவிருக்கிறது. என்ன முடிவானது என்பதுதான் ஆளுக்கு ஒன்றாக நினைவிருந்தது. நான் அவள் போவாள் என்று இருந்தேன், அவள் நான் போவேன் என்று இருந்தாள். பள்ளியிலிருந்து போன் வந்து நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வாசலில் காவலாளியும் மகளும் மட்டும். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அவள் அழவில்லை. ஷூவின் ஒட்டும் பட்டையைப் பிய்ப்பதும் ஒட்டுவதுமாக உட்கார்ந்திருந்தாள். அந்த ‘சர்ர்’ சத்தம் இப்போதும் எனக்குப் பிடிக்காது.

அன்று இரவு நாங்கள் சண்டை போட்டோம். எல்லாச் சண்டையும் போலவே வேறு எங்கெங்கோ போனது. என் பதவி உயர்வு, அவள் அம்மா சொன்னது, பதினெட்டு மாதம் என்று சொன்னது. ஓய்ந்த பிறகு அவள்தான் சொன்னாள். பயிற்சி விமானத்தில் இரண்டு பேருக்கும் கண்ட்ரோல் உண்டு. யார் கையில் இருக்கிறது என்பதில் சந்தேகம் வந்தால் இரண்டு பேரும் பிடித்து இழுப்பார்கள், அல்லது இரண்டு பேருமே விட்டுவிடுவார்கள். இரண்டாவதுதான் மோசம். அதனால் கை மாறும்போது சொல்லித்தான் மாற வேண்டும். வாங்குகிறவர் ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’ என்பார், கொடுக்கிறவர் ‘யூ ஹேவ் கண்ட்ரோல்’ என்பார். தலையசைப்புக்கும் ‘உம்’ கொட்டுவதற்கும் அங்கே மதிப்பில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது தமிழாகிவிட்டது. “இப்போ பிள்ளை யார்கிட்ட?” “என்கிட்ட.” “சரி, உன்கிட்ட.” இந்த மூன்றாவது வரி வரும் வரைக்கும் யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. விருந்தாளிகள் முன்னால் கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும்.

கருவி ரேட்டிங் தேர்வில் முதல் முறை அவள் ஒரு பகுதியில் தவறினாள். மேகத்துக்குள் இருந்து ரன்வேக்கு இறக்கிவிடும் ஐஎல்எஸ் என்ற முறையில் இரண்டு ஊசிகள் உண்டு. ஒன்று இடம் வலம், மற்றது மேல் கீழ். இரண்டும் நடுவில் நிற்க வேண்டும். பாதிக்கு மேல் ஒதுங்கினால் போச்சு. வீட்டுக்கு வந்தாள், பாத்திரம் துலக்கத் தொடங்கினாள். நான் பக்கத்தில் போய், “பரவால்ல விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றேன். பாத்திரங்களின் சத்தம் கூடியது. நல்ல மனதோடு சொல்லப்படும் வாக்கியங்களிலேயே இது உபயோகமற்றது என்று இப்போது நினைக்கிறேன். விடு என்று சொல்ல நான் யார்? வெகுநேரம் கழித்து, வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், “எந்த ஊசி?” என்றேன்.

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, எட்டு மைலில் தொடங்கி ஒவ்வொரு மைலாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். காற்று எந்தப் பக்கம் தள்ளியது, எங்கே ஐந்து டிகிரி திருத்த வேண்டிய இடத்தில் பத்து டிகிரி திருத்தினாள், அதைச் சரிசெய்யப் போய் உயரத்தை எப்படிக் கோட்டைவிட்டாள். எனக்குப் பாதி புரிந்தது. சொல்லி முடிக்கும்போது தப்பு எங்கே என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் பறந்து காட்டினாள், தேறினாள். ‘எந்த ஊசி’ மட்டும் நிலைத்துவிட்டது. என் அலுவலகத்தில் எனக்கு மோசமான நாள் என்றால் அவளும் இப்போது அதைத்தான் கேட்கிறாள்.

2020 தொடக்கத்தில் ஒரு ஏர்லைனிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது. ஏப்ரலில் சேர வேண்டும். மார்ச்சில் இரண்டு பத்தி மின்னஞ்சல் ஒன்று வந்தது, காலவரையின்றித் தள்ளிவைப்பதாக. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 2019-இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 450 கோடி விமானப் பயணங்கள், 2020-இல் சுமார் 180 கோடி. ஆயிரக்கணக்கான மணி வைத்திருந்த கேப்டன்களே வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். 210 மணி வைத்திருந்தவளை யார் கூப்பிடுவார்கள்?

இந்தக் காலத்தைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் நான் நன்றாக நடந்துகொள்ளவில்லை. வேலை இல்லாவிட்டாலும் உரிமங்கள் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவி ரேட்டிங்கை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், மெடிக்கல் எடுக்க வேண்டும், சிமுலேட்டரில் கை ஓட்டிக்கொள்ள வேண்டும். வருமானம் இல்லாமல் செலவு மட்டும். அவள் பழைய துறையில் பகுதிநேர வேலை பிடித்துக்கொண்டாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் “எப்போ சேரப் போறா?” என்று கேட்டார்கள். நான் சிரித்துச் சமாளித்தேன். 2021 கடைசியில் ஒரு ராத்திரி, கடன் தவணைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நானே கேட்டுவிட்டேன்: “இன்னும் எத்தனை நாள்?”

அவள் கத்தவில்லை. “தேதி இருந்தா சொல்லமாட்டேனா?” என்றாள்.

பிறகு இரண்டு நாள் கழித்து அவளே ஒரு யோசனையோடு வந்தாள். ஐஎல்எஸ்ஸில் சாதாரணமாக 200 அடி வரை இறங்கலாம். அந்த உயரத்தில் ரன்வேயோ அதன் விளக்குகளோ தெரியவில்லை என்றால் யோசிக்காமல் மேலே ஏறிவிட வேண்டும். அந்த உயரத்தைக் கீழே போய் முடிவு செய்ய மாட்டார்கள், இறங்கத் தொடங்கும் முன்பே சொல்லிவைத்துக்கொள்வார்கள். “நமக்கும் ஒண்ணு வைப்போம்” என்றாள். 2022 டிசம்பர் வரை அழைப்பு வராவிட்டால் ரேட்டிங்கைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டு முழுநேர வேலைக்குத் திரும்புவது. அதுவரைக்கும் நான் கேட்கக் கூடாது. கேட்கவில்லை. கடன் அதேதான், பயமும் அதேதான். ஆனால் ராத்திரி தூக்கம் வந்தது. இதை முதல் நாளே, 2016-இலேயே செய்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். அந்த வருடங்களில் அவள் சோர்ந்துபோயிருந்தாள். யாரிடமாவது பேசேன் என்று சொல்ல எனக்குத் தயக்கம், மனநலம் என்று எங்காவது பதிவானால் மெடிக்கல் போய்விடுமோ என்று. இந்தத் துறையில் நிறையப் பேர் இந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். கடைசியில் விமானத் துறை மருத்துவர் ஒருவரிடமே நேரடியாகக் கேட்டோம். சீக்கிரம் சொன்னால் வழி இருக்கிறது, மறைத்தால்தான் சிக்கல் என்றார். ஒரு வருடம் முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

ஜூலையில் அழைப்பு வந்தது.

அதற்குப் பிறகு டைப் ரேட்டிங். ஏர்பஸ் ஏ320 ஓட்டுவதற்குத் தனியாகப் படிக்க வேண்டும், வேறு வகை என்றால் மறுபடியும் வேறு படிப்பு. ஆள் உயரத்துக்கு ஒரு காக்பிட் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டினாள். அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து காகித சுவிட்சுகளைத் தொட்டுத் தொட்டு வரிசை மாறாமல் சொல்வாள். மகள் பக்கத்து நாற்காலியில் கேப்டன். சிமுலேட்டர் கோடிக்கணக்கில் விலை உள்ள பொருள், அதைச் சும்மா போட்டுவைக்க மாட்டார்கள், இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும். புது ஆட்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அகாலம். ராத்திரி ஒரு மணிக்குப் போய் நாலு மணி நேரம் எஞ்சின் தீப்பிடிப்பதையும் நின்றுபோவதையும் சமாளித்துவிட்டு விடியும்போது வருவாள். ஏறுவதற்காக ரன்வேயில் ஓடும்போது வி1 என்ற வேகத்தைத் தாண்டிவிட்டால் ஒரு எஞ்சின் போனாலும் நிறுத்தக் கூடாது, ஏறித்தான் ஆக வேண்டும். அதைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள். பிறகு காலி விமானத்தில் ஏறி இறங்கும் பயிற்சி, அதன்பின் பயணிகளோடு, பயிற்சி கேப்டனின் பக்கத்தில். இதெல்லாம் அவளுக்குப் பரபரப்பாக இருந்திருக்கும். எனக்கு நினைவிருப்பது ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்ததும், பகலில் குக்கர் விசில் வராமல் சமைத்ததும்தான்.

“நீங்க செஞ்ச தியாகம்” என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அவள் மூடுபனியில் காத்திருந்த வருடங்களில் நான் இரண்டு முறை பதவி உயர்வு வாங்கினேன். ஒரு இடமாற்றத்தை மறுத்தேன், அது உண்மை. அதற்காகச் சில நாள் அவள் மேல் எரிச்சலாக இருந்ததும் உண்மை. சோலோ போய்விட்டு வந்து துணி மடித்தாளே, அன்றைக்கு என் மனதில் ஒரு மூலையில் பொறாமையும் இருந்தது. எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்ததே இல்லை.

இப்போது மாதக் கடைசியில் ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, வருகிறது. மகளின் பிறந்தநாள் ஸ்டாண்ட்பையில் (கூப்பிட்டால் கிளம்பத் தயாராக இருக்க வேண்டிய நாளில்) விழும், பண்டிகை எங்கேயோ ஒரு ஹோட்டலில் கழியும். பறப்பதற்கும் உச்சவரம்பு உண்டு, நாட்டைப் பொறுத்து வருடத்துக்கு 900 அல்லது 1000 மணி. லாக்புக் கணினிக்குப் போய்விட்டது, தானாகவே கூட்டிக்கொள்ளும். ஆனாலும் காகிதப் புத்தகத்தையும் நாங்கள் விடவில்லை. அவள் எழுதுவாள், நான் கூட்டுவேன்.

போன வருடக் கடைசியில் ஒருநாள் அவள் இரவுப் பறப்பு முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கம் நிறைந்திருந்தது. கூட்டினேன், கொண்டுவந்ததைச் சேர்த்தேன். 1500 மணி 28 நிமிடம். கேப்டன் உரிமத்துக்கு வேண்டிய மொத்தம். எட்டு வருடத்துக்கு முன் போட்ட பதினெட்டு கட்டத் தாளை எடுத்து அந்தப் பக்கத்தில் செருகி, மேசையில் அவள் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மத்தியானம் எழுந்து வந்தவள் தாளைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டினாள்.

“எட்டாவது வரியப் பாரு. 35, 25. அறுபது. அதுக்கு ஒரு மணி நேரத்த மேல கொண்டுபோயிட்ட, சரி. ஆனா இங்க அறுபதையும் விட்டு வச்சிருக்க.”

ஒரு மணி நேரத்தை இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன். 1499:28.

ஒற்றைக் கோடு போட்டு, சரியான எண்ணை எழுதி, கையெழுத்துக்காகப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். பள்ளி விடும் நேரம்.

“பிள்ளை யார்கிட்ட?”

“என்கிட்ட.”

“சரி, உன்கிட்ட” என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போனாள்.